சென்ட்ரலுக்கும் பார்க்குக்கும் நடுவே ஒரு ரோடு

சென்னை சென்ட்ரலைப் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்கள். பத்துக் கட்டுரை கிடைத்தால் எட்டில் ஒரே வரிசைதான் இருக்கும். 1873-ல் திறக்கப்பட்டது, ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தார், பிறகு ராபர்ட் சிஷோம் மாற்றங்கள் செய்தார், 1900-ல் வேலை முடிந்தது, மணிக்கூண்டின் உயரம் 136 அடி. கூடவே இரவு விளக்கில் சிவப்புக் கட்டடம் ஜொலிக்கும் ஒரு படம். எழும்பூருக்கும் இதே சூத்திரம்: ஹென்றி இர்வின், ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம், திறந்த நாள் 11 ஜூன் 1908.

இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இவையெல்லாம் கட்டடத்தைப் பற்றிய தகவல்கள். ஒரு அரண்மனையையோ நீதிமன்றத்தையோ இப்படி எழுதிவிட்டுப் போகலாம். ரயில் நிலையத்தை எழுத இது போதாது. அங்கே வருகிறவர் கட்டடத்தைப் பார்க்க வருவதில்லை, வேறு எங்கேயோ போக வருகிறார். அதனால் ஒரு நிலையத்தை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான கேள்வி இதுதான்: ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற, கையில் பெட்டியும் இடுப்பில் குழந்தையும் இருக்கும் ஒருவருக்கு எவ்வளவு பாடு?

அந்தக் கேள்வியோடு சென்ட்ரலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உள்ளே அது நம் ஊரின் மிகக் கருணையான நிலையங்களில் ஒன்று. வாசலைத் தாண்டியதும்தான் கல்நெஞ்சமாகிவிடுகிறது.

முதலில் உள்ளே இருக்கும் கருணையைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் ஒரு முட்டு நிலையம். தண்டவாளங்கள் எல்லாம் வந்து ஒரு கூடத்தின் முன்னால் நின்றுவிடுகின்றன. இயக்குபவர்களுக்கு இது தலைவலி. வந்த வண்டி அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும், எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும், எல்லா வண்டியும் பேசின் பிரிட்ஜ் கழுத்து வழியாகத்தான் நுழைய வேண்டும். ஆனால் பயணிக்கு? தெருவிலிருந்து பெட்டி வரை ஒரே மட்டம். எந்த பிளாட்பாரத்துக்குப் போவதற்கும் படி ஏற வேண்டாம், பாலம் கடக்க வேண்டாம். தண்டவாளம் எங்கே முடிகிறதோ அதைச் சுற்றிக்கொண்டு நடந்தால் போதும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. இத்தனைக்கும் யாரும் அணுகல்தன்மை என்றெல்லாம் யோசித்துக் கட்டியதில்லை, முட்டு நிலையத்தின் வடிவமே அப்படி. எழும்பூர் ஊடே போகும் நிலையம். அங்கே பக்கவாட்டில் கடக்க மேம்பாலமோ லிஃப்டோ தேவைப்படும்.

மணிக்கூண்டைப் பாராட்டி எழுதும் யாரும் இதைப் பாராட்டி நான் படித்ததில்லை.

இப்போது வாசலுக்கு வெளியே வருவோம். முன்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலை, அதாவது பெரியார் ஈ.வெ.ரா. சாலை. அதன் எதிர்ப்பக்கம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, நம் வாயில் ஜி.எச். அதே பக்கம் கடற்கரை–தாம்பரம் பாதையில் பார்க் நிலையம். அதை ஒட்டி பறக்கும் ரயிலின் பார்க் டவுன் நிலையம். சென்ட்ரலின் இடப்புறம், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் புறநகர் வண்டிகளுக்கான மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். பூமிக்கு அடியில் மெட்ரோ. ஒரு கல்லெறி தூரத்துக்குள் ஐந்து நிலையம், ஐந்து பெயர்.

பெயர்களையே கொஞ்சம் பாருங்கள். பார்க் என்ற பெயர் பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து வந்தது. அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எப்போதோ கட்டடங்கள் விழுங்கிவிட்டன. அதற்குள் இருந்த மிருகக்காட்சிசாலையை, பழைய மெட்ராஸ்காரர்கள் உயிர்க்காலேஜ் என்பார்களே அதை, வண்டலூருக்குக் கொண்டுபோய் 1985-ல் திறந்தார்கள். அதே 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. ஆக, இல்லாத பூங்காவின் பெயரில் இரண்டு நிலையம், இல்லாத சந்தையின் பெயரில் ஒன்று. வெளியூரிலிருந்து வருபவர் மூர் மார்க்கெட் என்ற பலகையைப் பார்த்து ‘இதுதான் சென்ட்ரலில் லோக்கல் ரயில் பிடிக்கும் இடம்’ என்று எப்படிப் புரிந்துகொள்வார்? பார்க்குக்கும் பார்க் டவுனுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஊர்க்காரரே ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வார்.

என் தொழிலில் இரண்டு வெவ்வேறு பொருளுக்குக் கிட்டத்தட்ட ஒரே பெயர் வைத்தால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரயில்வேயிலும் உள்ளுக்குள் ஒழுங்கு இருக்கிறது. சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ்., கடற்கரைக்கு எம்.எஸ்.பி., பார்க்குக்கு எம்.பி.கே. என்று குழப்பமில்லாத குறியீடுகள். ஊர்ப்பெயர் 1996-ல் சென்னை ஆனது, 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது, குறியீடு மட்டும் மெட்ராஸ் காலத்து எழுத்துகளோடு அப்படியே நிற்கிறது. ஆனால் இந்த ஒழுங்கு இயந்திரத்துக்கு. மனிதனுக்கு வைத்த பலகையில் அந்தக் கவனம் இல்லை.

சரி, ஏன் இப்படி ஆனது? இதற்குப் பதில் கட்டடக்கலைப் புத்தகத்தில் கிடைக்காது. கம்பெனிக் கணக்கில்தான் கிடைக்கும்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். ராயபுரத்தில் நெரிசல் கூடவே இரண்டாவது முனையமாக சென்ட்ரல் வந்தது. இவர்கள் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. மேற்கேயும் வடக்கேயும் போகும் வண்டிகள் இவர்களுடையவை. தெற்கே ஆண்டது சவுத் இந்தியன் ரயில்வே. அவர்கள் பாதை 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். விழுப்புரம், திருச்சி, மதுரை, தனுஷ்கோடி எல்லாம் அவர்கள் ராஜ்ஜியம். இலங்கைக்குப் போகிறவர்கள் போட் மெயில் பிடித்ததும் எழும்பூரில்தான். இரண்டு கம்பெனிக்கும் தண்டவாள அகலமே வேறு. ஒருவர் வண்டி இன்னொருவர் நிலையத்துக்குள் நுழையவே முடியாது. எனவே 1908-ல் எழும்பூர் கட்டியபோது அதை சென்ட்ரலோடு இணைப்பது பற்றிக் கவலைப்பட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஹைதராபாத்திலிருந்து வந்து தஞ்சாவூர் போகிறவர் குதிரை வண்டி பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நம் வீடுகளில் இன்றும் ‘சென்ட்ரலா, எக்மோரா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்கிறோமே, அது ஒரு கேஜ் பிரச்சினையின் எச்சம்.

சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டு கிலோமீட்டரைத்தான் குறை சொல்வார்கள். நானும் இதைத் தோண்ட ஆரம்பித்தபோது அதைத்தான் தேடினேன். ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் வேறு.

1931-ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்துவிட்டது. 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அந்தக் காலத்துக்கு நவீனமான ஏற்பாடு. அந்தப் பாதையில் கடற்கரை, கோட்டை, பார்க், எழும்பூர் என்று வரிசை. அதாவது பார்க்கில் ஏறினால் அடுத்த ஸ்டாப் எழும்பூர். பார்க் எங்கே இருக்கிறது? சென்ட்ரலுக்கு நேர் எதிரே. ஆக, 1931-லேயே இரண்டு பெருநிலையங்களுக்கும் நடுவே அடிக்கடி ஓடும் மின்சார ரயில் இருந்திருக்கிறது. அந்த 2 கிலோமீட்டரை ரயில்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். தீராமல் கிடந்தது ஒரு ரோட்டின் அகலம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மெட்ராஸின் ரயில் சிக்கல் என்று நூறு வருடமாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு ரோட்டைக் கடக்கும் சிக்கல்.

கம்பெனிகள் ஒத்துப்போகவில்லை என்ற சமாதானம் 1951 ஏப்ரல் வரை செல்லும். அந்த மாதம் இரண்டு கம்பெனிகளின் வாரிசுகளையும் மைசூர் ரயில்வேயையும் சேர்த்து தென்னக ரயில்வே உருவானது. சென்ட்ரல், எழும்பூர், பார்க் எல்லாமே அன்றிலிருந்து ஒரே வீட்டுச் சொத்து. அந்த வீட்டின் தலைமையகம் சென்ட்ரலுக்குப் பக்கத்துக் கட்டடம். அதன் மாடி ஜன்னலில் நின்றாலே ரோட்டைக் கடக்கும் கூட்டம் தெரியும். ஆனால் ரோடு ரயில்வேயுடையது இல்லையே! அது மாநகரத்தின் தலைவலி. ரயில்வேயின் பொறுப்பு சென்ட்ரல் வாசலில் முடிந்து பார்க் வாசலில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் பயணி யாருடைய பயணியும் இல்லை. பாதசாரி. சுரங்கப்பாதை பிறகு வந்தது, உண்மைதான். படி இறங்கி, கடைகளுக்கு நடுவே நெரிந்து, மறுபடி படி ஏறுவது ஒரு வழிதான். ஆனால் உள்ளே ஒரு படிகூட வைக்காத நிலையம், வெளியே வந்ததும் பெட்டியைத் தலையில் தூக்க வைக்கிறது என்றால் அந்த முரணை யாராவது கவனித்திருக்க வேண்டாமா?

லண்டனோடு ஒப்பிட்டால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் ஒப்பிடுகிறேன், காரணம் நோய் ஒன்றே. அங்கேயும் போட்டிக் கம்பெனிகள்தான். 1846-ல் ஒரு அரச ஆணையம், நகரின் மையத்துக்குள் முனையம் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டது. விளைவு, பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் என்று ஊரைச் சுற்றி ஆளாளுக்கு ஒரு நிலையம். இறங்கியவர்கள் எல்லாம் குதிரை வண்டியில் ஏறி ரோட்டை அடைத்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் 1863-ல் பாடிங்டனிலிருந்து அந்த முனையங்களைத் தொட்டுக்கொண்டு ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது. ஆணையம் சொன்னதற்கும் மருந்து வந்ததற்கும் இடையே 17 வருடம். கொல்கத்தாவில் ஹவுராவுக்கும் சியால்தாவுக்கும் நடுவே ஹூக்ளி ஆறு. அதற்கு அடியில் துளைத்து இரண்டையும் மெட்ரோவில் முழுதாக இணைக்க 2025 ஆனது. நமக்கு நடுவே ஆறு கிடையாது. இருந்தும் சென்ட்ரலையும் எழும்பூரையும் ஒரே கூரைக்குள் இறங்கி ஏறும்படி இணைக்க 2018 மே வரை ஆனது. எழும்பூர் திறந்து 110 வருடம்.

நடுவில் ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலாப்பூர் வரை. நகருக்குள் புதிதாக ஒரு பாதை போடுகிறீர்கள், அது சென்ட்ரலைத் தாண்டித்தான் போகிறது. ரோட்டின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தைக்க இதைவிட நல்ல நேரம் ஏது? செய்தது என்ன? பார்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு நிலையத்தைக் கட்டி, பார்க் டவுன் என்று பெயர் வைத்தார்கள். தனி வாசல், தனிப் படிக்கட்டு. பறக்கும் ரயில் ஏன் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்று பேசுகிறவர்கள் பாழடைந்த நிலையக் கட்டடங்களையும் இருட்டையும் சொல்வார்கள். என் பார்வையில் பெரிய பிழை, சென்ட்ரலில் இறங்குகிறவர் கண்ணில் அந்த ரயில் படவே இல்லை என்பது.

2023 ஆகஸ்டில் இது இன்னும் வெளிச்சமானது. கடற்கரை–எழும்பூர் இடையே 4.3 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை போட வேண்டியிருந்தது. தேவையான பாதைதான். தெற்கிலிருந்து எழும்பூர் வழியாக வடக்கே போகும் வண்டிகளுக்கு அந்த இடம் ஒரு குறுகிய கழுத்து. அதற்காகப் பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு வெட்டினார்கள். 7 மாதம் என்றார்கள், 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி கடற்கரை வரை ஓடியது. 14 மாதம். வேலை தாமதமாவது நடப்பதுதான், அதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. என்னை யோசிக்க வைத்தது எதை வெட்டினார்கள் என்பது. பார்க் டவுனை இழந்த பறக்கும் ரயில், ஊரின் மற்ற ரயில்கள் எதோடும் ஒட்டாத ஒரு தனித் துண்டு. வேளச்சேரியிலிருந்து வருபவர் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பார்க்க வேண்டும். மாறும் இடம்தான் ஒரு பாதையின் உயிர் என்று நினைத்திருந்தால் அந்த முடிவை இவ்வளவு லேசாக எடுத்திருக்க முடியுமா?

மெட்ரோவுக்கு வருவோம். இங்கே பாராட்ட வேண்டியதைப் பாராட்டாவிட்டால் நான் வெறும் குறைசொல்லி ஆகிவிடுவேன். சென்ட்ரல் மெட்ரோ இரண்டு வழித்தடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கடக்கும் பெரிய சுரங்க நிலையம். அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். இதைவிட முக்கியம், அதன் டிக்கெட் கூடம் ரோட்டுக்கு அடியில் விரிந்து கிடப்பது. சென்ட்ரல் பக்கம் இறங்கி ஜி.எச்., பார்க் பக்கம் ஏறலாம். எஸ்கலேட்டர் உண்டு, லிஃப்ட் உண்டு. 1931-ல் விட்டுப்போன ரோட்டை முதல்முறையாக யாரோ ஒரு வடிவமைப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். ஹார்டிங்கையும் சிஷோமையும் எழுதுகிறவர்கள் இந்தக் கூடத்தை வரைந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

குறை இல்லாமலில்லை. மெட்ரோ ஆழத்தில் இருக்கிறது. இறங்கி, பையை ஸ்கேனரில் போட்டு, இன்னும் இறங்கி, ஒரு நிறுத்தம் போய், எழும்பூரில் மறுபடி ஏறுவது. எதிர்ப்பக்கம் பார்க்குக்கு நடந்து மின்சார ரயில் பிடிப்பது சில நேரம் இதைவிட வேகம். இதை எந்தப் பலகையும் பயணிக்குச் சொல்வதில்லை. ‘எழும்பூருக்கு: மெட்ரோ இந்தப் பக்கம், மின்சார ரயில் அந்தப் பக்கம், நடை இத்தனை நிமிடம்’ என்று ஒரே பலகை. அவ்வளவுதான் கேட்கிறேன். மெட்ரோக்காரர் பலகையில் மெட்ரோ இருக்கும், ரயில்வேக்காரர் பலகையில் ரயில்வே இருக்கும். இரண்டும் இருக்கும் பலகையை யார் வைப்பது? மறுபடியும் அதே ரோடு.

அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022-ல் நடந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்று’ வந்தது. மென்பொருள்காரனாக எனக்கு மகிழ்ச்சிதான், பின்னால் எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் செல்போன் திரையில் மூன்றையும் சேர்ப்பதைவிட தரையில் சேர்ப்பது கடினம், அது இன்னும் பாக்கி. ஜி.எச்.சுக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள். நெல்லூர், சித்தூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து விடிகாலை வண்டியில் வந்து இறங்குகிறவர்கள். கையில் எக்ஸ்ரே கவர், பிளாஸ்க், தாங்கிப் பிடிக்க ஒரு துணையாள். அவர்களில் பலருக்கு இந்த வளாகம் மொத்தமும் ஒரே ஒரு கேள்விதான்: ‘ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?’ அதற்குச் சைகையால் வழி காட்டுவது போர்ட்டரும் பூக்காரம்மாவும்தான்.

இப்போது எழும்பூரைச் சுமார் 735 கோடியில் புதுப்பிக்கிறார்கள். மாதிரிப் படங்களில் கண்ணாடி, அகலமான கூடம், பளபளப்பு எல்லாம் இருக்கிறது. பழைய முகப்பைக் காப்பாற்றுவதாகவும் சொல்கிறார்கள், நல்லது. நான் அந்தப் படங்களில் தேடியது வேறு: எக்ஸ்பிரஸில் இறங்கியவர் மின்சார ரயில் பிளாட்பாரத்துக்கும் மெட்ரோ வாசலுக்கும் போகும் வழி, அதில் எத்தனை ஏற்றம் எத்தனை இறக்கம் என்பது. படங்கள் எல்லாம் முகப்புக்கு முன்னால் நின்று எடுத்த கோணத்திலேயே இருக்கின்றன. முகப்பிலிருந்து பார்க்கும் பழக்கம் 1873-லிருந்து நமக்குப் போகவில்லை போலிருக்கிறது.

அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ரயில் பெட்டியின் கதவிலிருந்து பார்க் பிளாட்பாரம் வரை எத்தனை நிமிடம், எத்தனை படி, எத்தனை இடத்தில் யாரிடமாவது வழி கேட்டீர்கள் என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். பெட்டியோடு போனீர்களா, வெறுங்கையோடா என்பதும் வேண்டும். அப்படியே, யார் வீட்டுப் பரணிலாவது 1950, 60-களின் தென்னக ரயில்வே கால அட்டவணை இருந்தால் சொல்லுங்கள். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மாறுகிறவர்களுக்கு அதில் என்ன அறிவுரை போட்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.